பந்துக்கோட்டையும் காவித்தடமும்

ஆறு கடல்ல போயிக் கலக்குற எடத்துக்கு ரெண்டு நாழிக நடை மேக்கால ஒரு ஊரு இருந்துச்சாம். அதுக்குப் பேரு கரையாம்புத்தூரு. ஊருக்கு நடுவுல கல்லு பாவுன ஒரு நீளக் கடைவீதி, அந்தத் தெரு நேரா எறங்குனா ஆத்துத்துறை. மேக்குக் கிராமத்து ஆளுக காய்கறி, வாழைத்தாரு, கோழி, கருப்பட்டி எல்லாத்தையும் தோணியில ஏத்திக்கிட்டு வந்து அந்தத் துறையிலதான் எறங்குவாக. எறங்கி, மூஞ்சி கழுவி, கடைவீதியில நடந்து, கொண்டாந்தத வித்து, வேண்டியத வாங்கி, பொழுது சாயுறப்ப திரும்பத் தோணி ஏறுவாக. அப்படித்தான் அந்த ஊரு பொழைச்சுக்கிட்டு இருந்துச்சு.

அந்தக் கடைவீதியில சடைச்சின்னு ஒரு பொம்பள கோலமாவும் காவிக்கட்டியும் வித்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு ஒரு கொணம் உண்டு, எதையும் கேக்காம விடமாட்டா. பூசணிக்கா வாங்குனா தட்டிப் பாப்பா, மோந்து பாப்பா, உள்ள வெதை எத்தனை இருக்கும்னு கடைக்காரன்கிட்டயே கேப்பா. ஏன் ஆத்தா இப்படி உசிர எடுக்குறன்னு சனங்க சலிச்சுக்கிட்டா, "தெரியலயே, அதான் கேக்குறேன்"னு சொல்லிட்டு அடுத்ததக் கேப்பா. குத்தம் கண்டுபிடிக்கக் கேக்குறவ இல்ல அவ. நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேப்பா.

அந்த ஊரு ராசாவுக்குப் பந்துன்னா உசிரு. கையால இல்ல, காலால ஆடுற பந்து. தேங்காநார உருட்டி, மேல தோலு வச்சுத் தச்சு, பக்கத்துக்குப் பதினோரு பேரு நின்னு எத்தி எத்தி ஆடுவாக. சிரிக்காதீங்க, ராசாவும் கூடவே ஓடுவாரு, கிரீடத்தக் கழட்டி மந்திரி கையில குடுத்துட்டு.

மந்திரி பேரு மாசிலான். ஒரு நாளு கிரீடத்தக் கையில பிடிச்சுக்கிட்டே ராசாகிட்ட ஒரு யோசனை சொன்னாரு. இப்பேர்ப்பட்ட ஆட்டத்தப் பொட்டல்ல ஆடலாமா, ஆத்தங்கரையில துறை இருக்குற எடத்துல வட்டமா ஒரு பந்துக்கோட்டை கட்டுவோம், பத்தாயிரம் பேரு உக்காந்து பாக்கட்டும், பாத்தவுக பசியோட கடைவீதிக்கு வருவாக, ஊரே செழிச்சுரும்னாரு. ராசாவுக்கு அன்னைக்குச் சோறு எறங்கல, அம்புட்டு சந்தோசம்.

மறுநாளு தண்டோரா போட்டாக. கடைவீதி பூரா மாவிலை கட்டிருச்சு. சடைச்சிக்குப் பக்கத்துக் கடை வளையல்காரர் குருவய்யா, வழக்கமா வாங்குறதப் போல ரெண்டு மடங்கு வளையலு வாங்கி அடுக்கிட்டாரு.

சடைச்சிக்கு மட்டும் யோசனையா இருந்துச்சு. துறைய எடுத்துட்டா தோணியெல்லாம் எங்க நிக்கும்? ஆட்டம் பாக்க வாரவுக எந்த வழியா வந்து எந்த வழியாப் போவாக? ஆட்டம் இல்லாத நாளு கோட்டைக்குள்ள என்ன நடக்கும்?

மொதல்ல குருவய்யாகிட்டக் கேட்டா. நல்லது வாரப்ப வாசல்ல நின்னு மறிக்காதன்னு அவரு சொல்லிட்டாரு. அப்புறம் தண்டோராக்காரன்கிட்டக் கேட்டா. எனக்கு அடிக்கத்தான் தெரியும்னு அவன் சொல்லிட்டான். அப்புறம் நேரா அரமணைக்குப் போயி ராசாகிட்டயே கேட்டுட்டா.

ராசா மந்திரியத் திரும்பிப் பாத்தாரு. தோணி எங்க நிக்கும்னு கேட்டாரு, ஊரு செழிச்சுரும்னாரு மந்திரி. எந்த வழியாப் போவாகன்னு கேட்டாரு, ஊரு செழிச்சுரும்னாரு. ஆட்டம் இல்லாத நாளு என்ன நடக்கும்னு கேட்டாரு, அதுக்கும் ஊரு செழிச்சுரும்னாரு.

ராசா சடைச்சி பக்கம் திரும்புனாரு.

"தாயி, எனக்கும் தெரியலயே. எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

சடைச்சி சொன்னா, "கல்லு வச்சுக் கட்டுறதுக்கு முன்னால ஓலத்தட்டி வச்சுக் கட்டுங்க மகாராசா. மூணு ஆட்டம் ஆடிப் பாப்போம். கோட்டை வாசல்ல நான் காவியக் கரைச்சு, அதுல சாக்க நனைச்சுப் போடுறேன். வெளிய வாரவுக அத்தனை பேரும் அத மிதிச்சுத்தான் வரணும். காவிக்காலு எங்க போகுதோ, ஆளு அங்கதான போயிருக்கு?"

ராசாவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பதினஞ்சு நாளைக்கு ஒரு ஆட்டம், மொத்தம் மூணு ஆட்டம்னு முடிவாச்சு. துறையில ஓலத்தட்டிக் கோட்டை எந்திரிச்சுச்சு.

மொத ஆட்டம் வந்துச்சு. காலையிலயே கடைவீதியக் கழுவி விட்டாக, கல்லு கண்ணாடி கணக்கா இருந்துச்சு. சனம்னா சனம், அம்புட்டு சனம். ஆத்துல வரிசையா பெரிய பெரிய தோணி வந்து கோட்டையோட பின்வாசல்லயே ஆள எறக்குச்சு. கோட்டைக்குள்ளயே போளி விக்குது, பானகம் விக்குது, சுண்டலு விக்குது. ஆடி முடிஞ்சதும் அத்தனை பேரும் காவிய மிதிச்சுக்கிட்டு வெளிய வந்து, அப்படியே திரும்பித் தோணியில ஏறிப் போயிட்டாக.

குருவய்யா கடை வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பாக்குறாரு. யாரும் வரல. சாயங்காலம் சடைச்சி தெரு பூரா குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டே போனா. ஒரே ஒரு சோடி காவிக்காலு வந்திருந்துச்சு. அது யாருன்னு விசாரிச்சா, கோட்டைக்குள்ள போளியத் தின்னுட்டு வயித்த வலிச்சு வைத்தியர் வீட்டைத் தேடி வந்த ஆளு.

ராசாவுக்கு மொகம் வாடிப்போச்சு. மந்திரி அசரல. மொத ஆட்டம்தான மகாராசா, வழி தெரிஞ்சிருக்காது, அடுத்த ஆட்டத்துக்குப் பாருங்கன்னாரு. அதோட, கடைவீதிக்காரங்க பாவம், அவுகளும் வந்து ஆட்டம் பாக்கட்டும், ஒருத்தர் விடாம ராசா விருந்தாளியா வரணும்னு உத்தரவும் போட வச்சாரு.

ரெண்டாவது ஆட்டத்துக்குக் கடைவீதி மொத்தமும் கடையச் சாத்திட்டுக் கோட்டைக்குள்ள உக்காந்திருந்துச்சு. சடைச்சி சாக்க நனைச்சுப் போட்டுட்டு அவளும் போயி உக்காந்தா. ஆட்டம் நல்ல ஆட்டம். சடைச்சியே ரெண்டு தடவ எந்திரிச்சு நின்னுட்டான்னா பாத்துக்கங்க. முடிஞ்சு, சாக்கு போடாத ராசா வாசல் வழியா கடைக்காரங்க எல்லாரும் திரும்பி வந்தா, கடைவீதி இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே காவி. காலு மேல காலு, தடத்து மேல தடம்.

குருவய்யா தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. இம்புட்டுக் கூட்டம் வந்திருக்கு, கடையச் சாத்திட்டுப் போயிட்டமே, யாவாரம் போச்சேன்னு பொலம்புறாரு. எல்லாக் கடைக்காரங்களும் அதே பொலம்பல். ஒருத்தர் பாக்கி இல்லாம சடைச்சியத் திட்டுனாக. உன்னாலதான் சந்தேகப்பட்டோம், இப்பயாவது வாய மூடுன்னாக. மந்திரி மீசையத் தடவிக்கிட்டு, கல்லு வெட்ட நாளைக்கே ஆள அனுப்பட்டுமான்னு ராசாவக் கேட்டாரு.

சடைச்சிக்குக் கண்ணு கலங்கிருச்சு. தன் மேலயே ஒரு சந்தேகம் வந்துருச்சு. நாமதான் தப்பாக் கேட்டுட்டமோன்னு நெனச்சுக்கிட்டு, கடைக்கு முன்னால இருந்த காவியத் தொடைக்கக் குனிஞ்சா. குனிஞ்சவ நிமிரல. அப்படியே தவழ்ந்து குருவய்யா கடை வாசலுக்குப் போனா, அதுக்கு அடுத்த கடைக்குப் போனா, அதுக்கும் அடுத்த கடைக்குப் போனா. ஒரு ஈர்க்குச்சிய ஒடிச்சு ஒவ்வொரு காலா அளந்தா.

அப்புறம் எந்திரிச்சு வந்து ராசாவக் கும்பிட்டா. "மகாராசா, ஒரு சின்ன சங்கதி எனக்குப் பிடிபடல. கடைவீதிக்கு வந்த ஆளு கடையத் திரும்பிப் பாக்காமலா போவான்? இங்க ஒரு காலு கூட எந்தக் கடைப்பக்கமும் திரும்பல. எல்லாம் நேராப் போயி நேராத் திரும்பியிருக்கு. அளந்து பாத்தா மொத்தமே அஞ்சு ஆளு காலுதான். அதுல ஒருத்தருக்கு எடது காலுல ஆறு வெரலு. அந்த ஆறு வெரலு பதினெட்டு தடவ போயிட்டு வந்திருக்கு."

ராசாவும் குனிஞ்சு பாத்தாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. ஆமா, ஆறு வெரலு. இந்தக் காலு எங்கயிருந்து வந்துச்சுன்னு பாத்துருவோம் தாயின்னு அவரு முன்னால நடந்தாரு. தடம் கோட்டைப்பக்கமே போகல. கடைவீதி முக்குல திரும்பி, கோயிலச் சுத்தி, சந்துல நொழைஞ்சு, மந்திரி வீட்டு மாட்டுக் கொட்டத்துல போயி நின்னுச்சு. அங்க அஞ்சு தடியனுக தொட்டித்தண்ணியில உக்காந்து காலத் தேச்சுத் தேச்சுக் கழுவிக்கிட்டு இருக்கானுக. தண்ணி செவசெவன்னு கெடக்கு. மாடு குடிக்க மாட்டேன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்குது.

அப்புறம் என்ன, அஞ்சு பேரும் ஒண்ணு விடாமச் சொல்லிட்டானுக. காலுல காவியப் பூசி நடக்கச் சொன்னது மந்திரி. ஆள ஏத்திக்கிட்டு வந்த தோணி அத்தனையும் மந்திரி மச்சானுது. கோட்டைக்குள்ள போளி, பானகம், சுண்டலு வித்த கடையெல்லாம் மந்திரி சொந்தக்காரங்களுது. கல்லுக்கோட்டை கட்டிட்டா அந்தக் கரை காலத்துக்கும் அவுக கையில.

ராசா மந்திரி கையில இருந்த கிரீடத்த வாங்கித் தலையில வச்சாரு. கடைவீதிக்காரங்க எல்லாம் அந்த ஓலக்கோட்டையக் கொளுத்தணும்னு கெளம்பிட்டாக. அப்பவும் சடைச்சிதான் மறிச்சா.

"மந்திரி பொய் சொன்னாருங்கிறது தெரிஞ்சுபோச்சு. கோட்டை ஊருக்கு நல்லதா இல்லையாங்கிறது இன்னும் தெரியலயே. இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருக்குல்ல?"

எல்லாரும் அவள ஒரு மாதிரியாப் பாத்தாக. ராசா மட்டும் சரின்னாரு.

மூணாவது ஆட்டத்துக்கு உள்ள ஒரு கடையும் கெடையாது. தோணியெல்லாம் ஊருக்குக் கெழக்கால நின்னுச்சு. வாரவுக கடைவீதி வழியா நடந்து வந்து, கடைவீதி வழியா நடந்து போகணும். ஆட்டம் முடிஞ்சுச்சு, காவிக்காலு திமுதிமுன்னு தெருவுல ஏறுச்சு. இந்தத் தடவ காலு கடைப்பக்கம் திரும்புச்சு, நின்னுச்சு, குதிகாலு ஊனுச்சு. குருவய்யா கடை வாசல்ல பொம்பளையாளுக நின்ன எடம் செக்கச்செவேல்னு ஆயிருச்சு. மனுசன் வாயெல்லாம் பல்லா நின்னாரு.

ராசா ஓடியாந்து கேட்டாரு, அப்ப கோட்டை நல்லதுதான தாயின்னு. நாளைக்குச் சொல்லுறேன்னுட்டா சடைச்சி.

மறுநாளு தெருவக் கழுவி விட்டுட்டு ரெண்டு பேரும் கடை ஓரமா உக்காந்தாக. வெயிலு ஏறுச்சு. ஒருத்தரும் வரல. கோட்டையில ஆட்டம் இல்ல, அதனால அங்கயிருந்து ஆளு இல்ல. சரி, ஆட்டப் பேச்சுல எல்லாரும் மறந்துபோன கிராமத்துத் தோணிக்காரங்க எங்கன்னு ஆள விட்டுப் பாத்தா, துறையில ஓலத்தட்டி மறிச்சு நிக்குறதால ஒன்றரை மாசமா அவுக அக்கரை ஊருத் துறையில எறங்கி அங்கயே வித்து, அங்கயே வாங்கிட்டுப் போறாகளாம். குருவய்யா மொகத்துல இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல எறங்குச்சு.

சடைச்சி ராசாவப் பாத்துக் கேட்டா, "வருசத்துல எத்தனை நாளு ஆடுவீக மகாராசா?"

"மழை, வெயிலு, அறுவடை எல்லாம் போக, பத்துப் பன்னெண்டு நாளு ஆடலாம்."

"அந்தப் பன்னெண்டு நாளு எங்களுக்குத் திருவிழா. வேண்டாம்னு சொல்ல மாட்டோம். மிச்ச நாளெல்லாம் எங்களுக்குச் சோறு போடுறது துறை."

ராசா எந்திரிச்சுத் துறைக்கு நடந்தாரு. அவருக்கு ஆசை இல்லாம இல்ல, கல்லுக்கோட்டைய மனசுக்குள்ள கட்டியே முடிச்சிருந்தாரு. ஆனாலும், தட்டியப் பிரிங்கடான்னாரு. துறை தோணிக்குன்னு ஆச்சு. பந்து பழையபடி கடைவீதிக்குக் கெழக்குக் கடைசியில இருந்த பொட்டலுக்கே போச்சு. செவுரு கெடையாது, கதவு கெடையாது, பாக்க வாரவுக கடைவீதிய முழுசா நடந்துதான் வரணும், போகணும்.

மந்திரி என்ன ஆனாருன்னு கேக்குறீகளா? பிரிச்ச தட்டிய அவரு தலையிலயே ராசா தூக்கி வச்சாரு. "பொட்டல் ஓரமா இத நட்டுக் கடை போடு. ஆட்டம் இருந்தா ஊரே செழிக்கும்னு சொன்னியே, அந்த ஆட்டத்த வச்சு ஒரு வருசம் நீ பொழைச்சுக் காட்டு"ன்னாரு. மாசிலானும் போளி தட்டிப் பாத்தாரு, பானகம் கரைச்சுப் பாத்தாரு, சுண்டலு அவிச்சுப் பாத்தாரு. ஆட்டத்துக்கு வந்தவுக கடைவீதியிலயே வயிறார சாப்பிட்டுத்தான் வந்தாக. ஆட்டம் இல்லாத நாளு அந்தப் பொட்டல்ல காக்கா கூட எறங்கல. மூணு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நாலாவது மாசம் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் துறைக்கு வந்து, தோணியில இருந்து வாழைத்தாரு எறக்குற வேலை இருக்கான்னு கேட்டாரு. இருந்துச்சு. எறக்குனாரு.

அதனால பிள்ளைகளா, ஊருக்கு நல்லதுன்னு யாராச்சும் பெருசா ஒண்ணு கொண்டாந்தா, வேணாம்னு ஓடவும் வேணாம், சரின்னு தலையாட்டவும் வேணாம். யாருக்கு நல்லது, எத்தனை நாளைக்கு நல்லதுன்னு கேட்டுப்புடணும். கேட்டா மட்டும் பத்தாது, குனிஞ்சும் பாக்கணும்.

ஆட்டமும் முடிஞ்சுச்சு, கூட்டமும் கலைஞ்சுச்சு, கதையும் தோணி ஏறிக் கரை சேந்துருச்சு.