பின் இருக்கையில் ஏறிய பயம்

தேன்வரை மலையின் உச்சியில், காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில், டீசல் ஜீப் ஒன்று பத்தொன்பது வருடமாக வாழ்ந்துவந்தது. எந்த மழைக்கும் மலைக்காத வண்டி, மண் சரிந்த மறுநாளே மேலே ஏறி வந்த வண்டி என்று அந்தப் பக்கத்தில் அதற்கு நல்ல பெயர். காலையில் இரண்டு முறை இருமிக்கொண்டு எழும். எழுந்துவிட்டால் பிறகு எதற்கும் நிற்காது.

அதை ஓட்டியவள் ரெஜினா. மலையடிவாரத்து ஊரான கீழ்வரையில் பள்ளி ஆசிரியை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வேலைக்குப் போவாள். மாலையில் அதே இருபத்தேழையும் ஏறி வருவாள். அவள் கணவர் சவரிமுத்து காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவரும் அவளோடு கீழே இறங்கினார். கீழ்வரை மருத்துவமனையில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். முடிந்ததும் இருவரும் சேர்ந்து வீடு திரும்புவார்கள்.

போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போதுதான் பாடு. துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடக்கும் உடம்பை ஜீப் ஒவ்வொரு வளைவிலும் குலுக்கும். டீசல் வாடை அவர் நெஞ்சைப் புரட்டும். ஆறாவது வளைவில் ஒரு முறை, பதினான்காவது வளைவில் ஒரு முறை ரெஜினா வண்டியை ஓரங்கட்டுவாள். அவர் இறங்கி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பார்.

ஜீப் உறுமலை அடக்கிக்கொண்டு நிற்கும். தன் பலமே அந்த மனிதரை வதைக்கிறது என்று அதற்குத் தெரியும். மெதுவாக ஏறிப் பார்த்தது, முடியவில்லை. உறுமாமல் மலை ஏறும் வித்தை அதற்குக் கைவரவில்லை.

மின்சாரக் கார் வாங்கினால் என்ன என்று ரெஜினா நினைத்த அன்றே பயமும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அது பூதாகரமாக ஒன்றும் இல்லை. மெலிந்த உருவம், சலவை செய்த சட்டை, நம் நன்மையை நினைக்கிற சொந்தக்காரர் போன்ற முகம். பொய்யே சொல்லாது. பாதி மட்டும் சொல்லும்.

"பாதி மலையில் நின்றுபோனால்?" என்று கேட்டது. அவள் பதில் தேடுவதற்குள் அடுத்தது வந்தது. மேலே அடிக்கடி கரண்ட் போகிறதே? தினமும் இவ்வளவு ஏற்றத்தை இந்த வண்டி தாங்குமா? நோயாளியை வைத்துக்கொண்டு இந்தப் பரீட்சை தேவையா?

ரெஜினா யாரிடம் பேசினாலும் பயம் அவளுக்கு முன்னாலேயே அவர்களிடம் போய்விட்டிருந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் அதையே சொன்னார், பேருந்து நிலையத்துப் பழக்கடைக்காரரும் அதையே சொன்னார். சவரிமுத்து மட்டும் வேறு மாதிரி சொன்னார். தனக்காக வண்டியை மாற்ற வேண்டாம், இருக்கிற வரைக்கும் இந்த ஜீப்பே போதும் என்றார். அந்த 'இருக்கிற வரைக்கும்' ரெஜினாவைத் தைத்தது.

பள்ளியில் கணக்கு ஆசிரியை இந்துமதியிடம் பச்சை நம்பர் பலகை வைத்த ஒரு மின்சாரக் கார் இருந்தது. தங்கை கல்யாணத்துக்காக ஒரு வாரம் ரயிலில் வெளியூர் போகவிருந்தாள். ஊருக்குப் புறப்படும் முன் சாவியை ரெஜினாவின் மேசையில் வைத்தாள். "யாரு சொல்றதையும் கேட்காதீங்க டீச்சர். ஒரு வாரம் நீங்களே மலையில ஏத்தி இறக்கிப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றாள். கீழ்வரையில் இருந்த தன் வீட்டுச் சாவியையும் கொடுத்தாள்.

திங்கள்கிழமை மாலை அந்தக் கார் முதல் முறையாக மலை ஏறியது. ரெஜினா கேட்காமலே பின் இருக்கையில் பயமும் ஏறிக்கொண்டது.

கொட்டகையில் தன் பக்கத்தில் வந்து நின்ற காரை ஜீப் மேலும் கீழும் பார்த்தது. "எப்போது வந்தாய்? சத்தமே கேட்கவில்லையே" என்றது.

"இப்போதுதான்."

"உழைத்தால் நாலு பேருக்குக் கேட்க வேண்டாமா?"

"கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? ஏறி வந்துவிட்டேன், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் களைப்பாக இருக்கிறது. ஏற்றம் என்னிடமிருந்து நிறைய வாங்கிக்கொண்டது" என்றது கார்.

ஒளிவுமறைவில்லாத அந்தப் பேச்சு ஜீப்புக்குப் பிடித்துப்போனது. கீழ்வரைக்காரர்கள் யாரும் களைப்பை ஒப்புக்கொண்டு அது பார்த்ததில்லை.

மறுநாள் காலை கார் கீழே இறங்கியது. அந்த மலைப்பாதைக்கு இரண்டு பெயர். மேலே வரும்போது அது ஏற்றம், கீழே போகும்போது இறக்கம். ஏற்றம் கறாரான ஆள். இறக்கமோ வாரி வழங்குகிற கை. மூன்றாவது வளைவு தாண்டியதும் இறக்கம் காரின் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு, "இந்தா, வாங்கிக்கொள்" என்றது.

"எனக்கா?"

"உனக்குத்தான். எத்தனையோ வருடமாக எல்லோருக்கும் கொடுக்கப் பார்க்கிறேன். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. பிரேக்கில் போட்டுத் தேய்த்து, சூடாக்கி, காற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள்."

கார் வாங்கித் தன் பேட்டரியில் சேர்த்துக்கொண்டது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியபோது ரெஜினா முன்னால் இருந்த சிறிய திரையைப் பார்த்தாள். வீட்டில் கிளம்பும்போது பேட்டரியில் எழுபது சதவீதம் இருந்தது, இப்போது எழுபத்து மூன்று. தவறாகப் பார்த்துவிட்டோமோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். எழுபத்து மூன்றுதான்.

செவ்வாயும் வியாழனும் சவரிமுத்து அந்தக் காரில் திரும்பினார். ஆறாவது வளைவிலும் பதினான்காவது வளைவிலும் ரெஜினா பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தாள். நிறுத்த வேண்டி வரவில்லை. ஆனால் அவர் தூங்கவும் இல்லை. டயாலிசிஸ் முடிந்த உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும். அவரோ வழி முழுக்கத் திரையில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். பயம் பின்னாலிருந்து குனிந்து, அவர் காதோரம் அதைப் படித்துக் காட்டியது. "ஐம்பது. நாற்பத்தொன்பது. இன்னும் பன்னிரண்டு வளைவு இருக்கிறது."

வெள்ளிக்கிழமை மாலை காற்றும் மழையுமாக இருந்தது. ரெஜினா மேலே வந்து சேர்ந்தபோது பதினெட்டு மிச்சம். எப்போதும்போல வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று வந்தவள் பிளக்கைச் செருகினாள், விளக்கு எரியவில்லை. சில்வர் ஓக் மரம் ஒன்று கம்பியில் விழுந்து மலை முழுவதும் கரண்ட் இல்லை. சனிக்கிழமை காலையும் வரவில்லை. சனிக்கிழமை டயாலிசிஸ் நாள். ஒரு முறை தவறினாலே நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

பயத்துக்கு அது நல்ல நாள். விடிந்ததிலிருந்து கொட்டகை வாசலில் நின்றது. "பதினெட்டு" என்றது. வேறு எதுவும் அது சொல்லத் தேவையிருக்கவில்லை.

சவரிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் நீர் சேர்ந்து பாதங்கள் வீங்கியிருந்தன. "ஜீப்லயே போயிடுவோம் ரெஜினா. ரெண்டு தடவ வாந்தி எடுத்தா என்ன, பழகினதுதான" என்றார்.

பயம் ஜீப்பின் பக்கம் திரும்பி இளித்தது. "பார்த்தாயா, கடைசியில் உன்னிடம்தான் வருகிறார்கள். கிளம்பு."

"நான் போவேன். ஏறவும் ஏறுவேன். எப்படியும் வந்துவிடுவேன்" என்றது ஜீப். "வண்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஆயிரம் முறை கேட்டாய். அவர் என்ன நிலையில் வந்து சேருவார் என்று ஒரு முறையாவது கேட்டாயா?"

அந்தக் கேள்வி பயம் சொல்லும் பாதியில் இல்லை.

ஜீப் பேசியது ரெஜினாவுக்குக் கேட்டிருக்காது. அவள் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்று கணவரின் பாதங்களைப் பார்த்தாள். பிறகு காரின் கதவைத் திறந்தாள்.

"கீழ எறங்க இதுக்குச் செலவே இல்லீங்க. ஒரு வாரமா பாத்துட்டேன். ஆஸ்பத்திரியில கேட்டு சார்ஜ் போடுவேன். போட முடியலேன்னா இந்துமதி வீட்டுச் சாவி கையில இருக்கு. இன்னைக்கு ராத்திரி அங்கயே தங்கிக்கலாம். நடுவழியில நிக்கிற மாதிரி நான் கிளம்ப மாட்டேன். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். பயமும் பின்னால் ஏறிக்கொண்டது, ஆனால் இந்த முறை கொஞ்சம் ஒடுங்கி.

இறக்கம் அன்றும் கையை விரித்தது. அடிவாரத்தில் திரை இருபத்தொன்று காட்டியது. மருத்துவமனையில் ரெஜினா நர்ஸைப் பிடித்து, நர்ஸ் எலக்ட்ரீஷியனைப் பிடித்து, தண்ணீர் மோட்டார் அறையில் இருந்த பெரிய பிளக்கில் கார் தாகம் தீர்த்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் ஆனதும் எலக்ட்ரீஷியன் வந்து, மோட்டாரைப் போட்டாக வேண்டும், மாடியில் தண்ணீர் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அப்போது முப்பத்தேழு. மலை ஏற இருபத்தைந்து போதும் என்பது ரெஜினாவுக்கு அந்த வாரம் முழுக்கப் பார்த்துப் பழகிய கணக்கு.

மாலையில் மழையோடு மழையாக ஏறினார்கள். கார் முனகாமல் ஏறியது. பதினேழாவது வளைவில் பாதை அடைத்திருந்தது. காய்கறி லாரி ஒன்று ஓரத்துச் சேற்றில் சக்கரம் புதைந்து குறுக்கே நின்றது. முன்னால் ஏழெட்டு வண்டிகள், பின்னால் ஒரு வேன்.

"இருபத்திரண்டு" என்றது பயம். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "இனி எவ்வளவு நேரமோ. நிற்க நிற்கக் கரையப்போகிறது."

சவரிமுத்து திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் நின்ற இடத்திலேயே உறுமிப் புகை விட்டுக்கொண்டிருந்தன. கார் மட்டும் அமைதியாக நின்றது. ஓடாதபோது அதற்குச் செலவழிக்க எதுவும் இல்லை. விளக்கும் கண்ணாடியின் பனியைத் துடைக்கும் காற்றும் மட்டும் ஓடின. பத்து நிமிடம். இருபத்திரண்டு. இருபது நிமிடம். இருபத்திரண்டு. நாற்பது நிமிடம் கழித்து லாரியை இழுத்துப் போட்டபோது திரை இருபத்தொன்று காட்டியது.

"ஒண்ணே ஒண்ணுதான் கொறஞ்சிருக்கு" என்றார் சவரிமுத்து, தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

பயம் அடுத்துச் சொல்ல வேண்டியதைத் தேடியது. பின்னால் நின்ற வேனில் டிரைவர் டீசல் முள்ளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சிவப்புக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. மலை உச்சிவரை பெட்ரோல் பங்க் எதுவும் கிடையாது. பயம் காரின் கதவைத் திறந்து இறங்கி, சட்டையை மழைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, வேனில் போய் ஏறிக்கொண்டது.

ரெஜினா மீதிப் பத்து வளைவுகளையும் ஏறினாள். வீட்டு வாசலில் நிறுத்தியபோது பன்னிரண்டு. வீட்டில் இன்னும் கரண்ட் வரவில்லை. அவள் இறங்கவில்லை, கதவைக்கூடத் திறக்கவில்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இதே மாதிரி வண்டி ஒன்று வாங்குவது என்று அவளுக்குள் முடிவாகியிருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

கொட்டகையிலிருந்து ஜீப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஏன் இன்னும் உள்ளேயே இருக்கிறார்கள்? உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்றது.

"எனக்கு ஒன்றும் இல்லை. அவர் தூங்குகிறார்" என்றது கார்.

"தூங்குகிறாரா? எங்கிருந்து?"

"பதினெட்டாவது வளைவிலிருந்து."

பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதரை ஜீப் எத்தனையோ முறை பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. தூங்கவைத்துக் கொண்டுவந்ததில்லை. "நல்ல வண்டி நீ" என்றது. மனதாரச் சொன்னது.

மழை கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்து சவரிமுத்து கண் விழித்தார். கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தார், பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

"இன்னும் ஆஸ்பத்திரியிலேர்ந்து கிளம்பலையா ரெஜினா?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டார்.