கழட்டாத கவசம்

ஓர் அடிகூடப் படாத வீரனுக்கு என்ன குறை இருந்துவிடப் போகிறது, சொல்லுங்கள் பார்ப்போம்?

இன்னாசிக்கு இருந்தது.

"குருவே, இன்னியோட நான் ஆட்டத்துக்கு வரலை" என்றார் அவர்.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். மரிக்கொழுந்து என்று பெயர். வயது இருபத்தெட்டு. திண்டுக்கல்லில் ஒரு மாடியில் தையல் கடை வைத்திருக்கிறாள். இன்னாசி மின்கம்பம் ஏறுகிறவர், அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை கிடையாது. துணி வெட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, வாயாலேயே ஒரு பழைய ராஜ்ஜியத்துக்குள் போய் வருவார்கள். கதையை நடத்துகிறவளைக் குரு என்று கூப்பிட ஆரம்பித்தது கேலிக்குத்தான். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

அந்த ராஜ்ஜியத்தில் இன்னாசி ஒரு வீரன். உச்சியிலிருந்து பாதம்வரை இரும்புக் கவசம்.

"ஏண்ணே, என்ன குறை?" என்றாள் குரு.

"ரெண்டு வருஷமா ஒருத்தனும் என்னைத் தொட்டதில்லை. அம்பு பட்டா ஒடியுது. கத்தி பட்டா மழுங்குது."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? எங்க போனாலும் இந்தச் சபுரா என்னைய வெளியவே நிறுத்திட்டுப் போயிருது. சத்தம் கேக்குமாம்."

சபுரா எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை. ஆட்டத்தில் திருடி.

"நீங்க நடந்தா பாத்திரக்கடையே நடந்து வர்ற மாதிரி இருக்குண்ணே. நான் என்ன பண்ண?"

"கேட்டீங்களா? இன்னிக்கும் அது கோட்டைக்குள்ள போயிருச்சு. நான் வாசல்ல ஒரு கைதிக்குக் காவல். வத்தலக்குண்டுல இருந்து பஸ் ஏறி வந்து வாசல்ல நிக்கிறதுக்கு, நான் வீட்டுலயே நிப்பேனே."

"கவசத்தைக் கழட்டிட்டுப் போக வேண்டியதுதானே."

"கழட்டுறதா. அடி பட்டுரும்ல."

மூலையில் தொட்டிலில் குருவின் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். குரு ஒரு கையால் தொட்டில் கயிற்றை இழுத்துவிட்டு, இன்னொரு கையால் ஆட்டக் குறிப்பு எழுதிய நோட்டைப் புரட்டினாள்.

"அண்ணே, கடைசியா எப்பக் கழட்டுனீங்க?"

"தூங்கும்போதுதான்."

"சொன்னீங்களா?"

"என்னத்த?"

"கழட்டுறேன்னு வாயால சொன்னீங்களா? மேசையில சொன்னாத்தானே நடந்த கணக்கு. ரெண்டு வருஷமும் இதுல இருக்கு. போட்டுக்கிறேன்னு ஒரு தடவை சொல்லியிருக்கீங்க. கழட்டுனதா ஒரு இடத்துலயும் இல்லை."

இன்னாசி நோட்டை வாங்கிப் பார்த்தார். இல்லைதான்.

"அப்ப ஆத்துல குளிச்சது?"

"போட்டுக்கிட்டேதான்."

"அரண்மனைக் கல்யாணத்துல சாப்பிட்டது?"

"அதுவும்."

"அதான் அந்த ராஜகுமாரி மூக்கைப் பொத்திக்கிட்டே பேசுச்சு" என்றாள் சபுரா.

இன்னாசிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை எழுந்துவிடப் போகிறதே என்று வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார்.

"சரி, ஆட்டத்துக்கு வாங்க" என்றாள் குரு. "சபுரா, நீ கோட்டை நிலவறையில இருக்க. உருட்டு."

சபுரா இருபது முகப் பகடையை உருட்டினாள். ஒன்று விழுந்தது. அதைவிட மோசமாக எதுவும் விழ முடியாது.

"பொறியில கால் வெச்சுட்ட. கம்பிக்கதவு விழுந்து உன் காலை அமுக்கிருச்சு. சுவத்து ஓட்டையில இருந்து தண்ணி கொட்டுது. ஏழு நிமிஷத்துல தலைக்கு மேல போயிரும்."

கடலை உரித்த கை நின்றது.

இந்த மேசையில் செத்தவர்கள் திரும்பி வருவதில்லை. அவர்களைப் பற்றி எழுதி வைத்த தாளை அப்போதே கிழித்துவிட வேண்டும். சபுராவின் தாள் ரெண்டு வருஷத்தில் நாலாக மடித்து, மடிப்பில் பசைத்தாள் ஒட்டி, எண்ணெய்க்கறை படிந்து கிடந்தது. அவள் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அவ கத்துறது உங்களுக்குக் கேக்குது. வாசலுக்குப் பக்கத்துல தண்ணி வடியுற தூம்பு ஒண்ணு நேரா நிலவறைக்குப் போகுது. அந்தக் கம்பிக்கதவைத் தூக்குற பலம் உங்களுக்குத்தான் இருக்கு."

"அப்ப இந்தா உள்ள போறேன்."

குரு மகளின் வளையல் ஒன்றை எடுத்து மேசைமேல் நிறுத்திப் பிடித்தாள்.

"தூம்பு இவ்வளவுதான்."

இன்னாசியிடம் ஒரு வீரன் பொம்மை உண்டு. சாக்லேட் தாளைச் சுற்றிச் சுற்றி அவரே கவசம் செய்து மாட்டியிருந்தார். அதை வளையலுக்குள் விட்டார். தோளில் முட்டியது. சாய்த்து விட்டார். தலைகீழாக விட்டார். போகவில்லை.

"கழட்டுறேன்" என்றார், சத்தமாக.

"எப்படின்னு தெரியுமா?"

"போடுற விதியைத்தான் படிச்சிருக்கேன். கழட்டுற பக்கத்தைப் புரட்டுனதே இல்லை."

"தனியாக் கழட்டுனா பத்து நிமிஷம். தோல் வாரெல்லாம் முதுகுப் பக்கம். கூட ஒருத்தர் கை கொடுத்தா அஞ்சு."

"நெஞ்சு வரைக்கும் வந்துருச்சுண்ணே" என்றாள் சபுரா. இந்தத் தடவை கேலி இல்லை.

"இங்க யாரு இருக்கா?"

"கைதி. நீங்க பிடிச்சுக் கையைக் கட்டிப் போட்ட கோட்டைக் காவலன்."

"அவன் எப்படிப்பட்ட ஆளு?"

"பேசிப் பாருங்க."

குரு தொண்டையைக் கனைத்தாள். கைதியின் கரகரப்பான குரல் வந்தது.

"என்ன வீரரே, உள்ள கூப்பாடு கேக்குதே. போகலையா?"

"போகணும். இதைக் கழட்டணும்."

"காலையில மூணு தடவை உங்களை வெட்டுனேன். மூணும் வழுக்கிருச்சு. உள்ள ஆளு இருக்கா, வெறும் இரும்புதானான்னு எனக்குச் சந்தேகமே வந்துருச்சு."

"ஆளு இருக்கேன்."

"என் கட்டை அவுத்தீங்கன்னா ஓடிருவேன். இல்லைன்னா உங்க கத்தியையே உருவி உங்க முதுகுல இறக்கிருவேன். ரெண்டுல எதைச் செய்வேன்னு எனக்கே தெரியலை. மூணாவதா ஏதாவது செய்வேனான்னும் தெரியலை."

இன்னாசி மேசைமேல் குனிந்து மெதுவாகக் கேட்டார். "குருவே, இவனை நம்பலாமான்னு ஒரு உருட்டு உருட்டிப் பாத்துக்கலாமா?"

குரு பகடையை எடுத்தாள். ஊசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

தொட்டில் கயிறு கிறீச்சிட்டது. சபுரா தன் தாளின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

இன்னாசி பொம்மையைத் தூக்கினார். ரெண்டு வருஷமாக எல்லாரையும் பார்த்து நின்ற வீரனைத் திருப்பி, முதுகு குருவின் பக்கம் இருக்கும்படி வைத்தார்.

"கைதியோட கட்டை அறுக்கிறேன்" என்றார்.

"அறுத்தாச்சு" என்றது கரகரத்த குரல். "இப்ப?"

"ஐயா, எனக்கு அங்க கை எட்டாது. அந்த முதுகு வாரைக் கொஞ்சம் அவுத்து விடுங்க."