மந்திரியார் பிடித்த திருடன்

எந்த நாடு, எந்தக் காலம் என்பதெல்லாம் நமக்கு எதற்கு? நாடகம் என்றால் சோறு தண்ணீர் மறக்கும் ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய அரங்கில் ஒருநாள் ஆடிய புது நாடகம், மறுநாளே பக்கத்து ஊர்ச் சந்தையில் அரைக் காசுக்கு நடந்தது. யாரோ கூட்டத்தில் உட்கார்ந்து வசனத்தைத் திருட்டுத்தனமாக எழுதிப் போகிறார்கள்!

"இன்னொரு நாடகம் களவு போனால் வாயிற்காவலனுக்குச் சவுக்கடி!" என்றார் ராஜா.

காவலன் சடையன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். சால்வைக்குள் ஓலையும் எழுத்தாணியுமாக இருந்த ஒருவனை வாசலிலேயே மடக்கினான். அவனோ மந்திரி வல்லபராயரின் மைத்துனன்!

வல்லபராயர் சபைக்கு வந்து குதித்தார். "பிரபு! அரச கட்டளை இல்லாமல் ஒருவரைத் தடுத்து வைப்பது குற்றம். சடையனைச் சிறையில் தள்ளுங்கள். திருட்டாம்! என்ன பொருள் காணாமல் போயிற்று? நாடகம் அரங்கிலேயேதானே இருக்கிறது?"

சடையன் கைகூப்பினான். "அடிக்கலீங்க மகாராசா. உக்கார வெச்சு மோர் குடுத்தேன். அதிகாரி வர்ற வரைக்கும் போக விடலே, அவ்வளவுதானுங்க."

சட்டம் மந்திரி பக்கம். ராஜா தலையைச் சொறிந்தார்.

"தீர்ப்பை நாளைப் பிறந்தநாள் சபையில் சொல்லலாமே, பிரபு" என்றார் விகடகவி குப்பாண்டார். ராஜாவும் சம்மதித்தார்.

பிறந்தநாள் வாழ்த்துக் கவிதைக்கு முத்துமாலை பரிசு. அன்று மாலை வல்லபராயர் தம் தோட்டத்தில் உரக்கப் பாடிப் பழகினார். மதிலுக்கு வெளியே குப்பாண்டார் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் சபையில் மந்திரி பாட எழுவதற்குள் குப்பாண்டார் எழுந்து, அந்தக் கவிதையை ஓரெழுத்துப் பிசகாமல் பாடிவிட்டு, வாசலை நோக்கி நடந்தார். வல்லபராயர் பாய்ந்து அவர் அங்கவஸ்திரத்தைப் பிடித்தார்.

"திருடன்! அது என் கவிதை! விடமாட்டேன்!"

"என்ன பொருள் காணாமல் போயிற்று, ஐயா? உங்கள் ஓலை உங்கள் இடுப்பிலேயேதானே இருக்கிறது?"

"ராப்பகலாக உழைத்து எழுதியதையா!"

"இருக்கட்டும். என்னைப் பிடித்து வைக்க அரச கட்டளை எங்கே?"

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார்.

"சந்தேகப்பட நியாயம் இருந்து, அடி உதையில்லாமல், அதிகாரி வரும்வரை ஒருவனை நிறுத்தி வைக்கும் அரங்கக் காவலன்மேல் இனிக் குற்றமில்லை! சடையா, நீ போகலாம். மந்திரியாரே, உம் மைத்துனனுக்கு விசாரணை உண்டு. கவிதைக்குப் பாராட்டு உமக்கு, மாலை விகடகவிக்கு. குப்பாண்டாரே, வந்து வாங்கிக்கொள்ளும்!"

"வர ஆசைதான், பிரபு. மந்திரியார் இன்னும் விடவில்லையே!"