இடது காது பாக்கி

ஸ்விட்சர்லாந்தில் ஆரே ஆற்றங்கரையில் ஆல்பின் என்றொரு சிற்பி இருந்தார். மனித உருவம்தான் செய்வார். நாற்பது வயதில் ரொட்டிக் கடையை மூடிவிட்டு, ரெகுலா அவரிடம் சிஷ்யையாக வந்து சேர்ந்தாள்.

பட்டறை மூலையில் ஒரு களிமண் தலை. ஆல்பினின் மனைவி லீனா எதிரில் உட்கார்ந்திருக்க, அவர் செய்தது. அவள் இறந்துபோய்ப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது. மண் காயக்கூடாதென்று தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து ஈரத் துணி மாற்றுவார். மாற்றும்போது பேச்சு வேறு.

“அஞ்சு நிமிஷம் ஆடாம உக்காந்திருக்கியா நீ? அடுப்புல பால், வாசல்ல பூனைன்னு ஓடிட்டே இருப்பே.”

சொல்லிவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொள்வார்.

ஒருநாள் ரெகுலா கேட்டாள். “ஐயா, இதை ஏன் இன்னும் அச்செடுத்து வார்க்கலை?”

“முடியலையே.”

“எல்லாம் முடிஞ்ச மாதிரிதானே இருக்கு?”

“இடது காது பாக்கி.”

ரெகுலா உற்று உற்றுப் பார்த்தாள். காது காதாகத்தான் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது துணியை அவள் கையில் கொடுத்தார்.

“இவளைப் பாத்துக்கோ.”

மூன்றாம் நாள் பட்டறை வாளியில் தண்ணீர் உறைந்துவிட்டது. ஈர மண்ணும் உறைந்தால் முகம் வெடித்துப் போகும். ரெகுலா பதறிப்போய் பிளாஸ்டர் மாவைக் குழைத்துத் தலைமேல் பூசி அச்சு எடுத்தாள். அச்சுக்குள்ளிருந்து மண்ணைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும், மண் தலை மிஞ்சாது. அது தெரிந்துதான் செய்தாள். முகமாவது பிழைக்கட்டுமே. அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தபோது, ஒரு சுருக்கம்கூடப் பிசகாமல் லீனா வந்திருந்தாள்.

ஆல்பின் திரும்பி வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. துணியை நனைத்துக்கொண்டு நேரே மூலைக்குப் போனார். வெள்ளைத் தலையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“மண்ணு வெடிச்சிடும்னு பயந்துட்டேன் ஐயா. தப்புப் பண்ணிட்டேனா?”

அவர் இடது காதை விரலால் தடவிப் பார்த்தார்.

“தப்பே இல்லை. நல்லா எடுத்திருக்கே. இனிமே இவ காயவும் மாட்டா, வெடிக்கவும் மாட்டா.”

ரெகுலாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

துணி அவர் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“நாளைக்குக் காலையில நான் எதுக்கு எழுந்திருக்கணும்? அதை மட்டும் சொல்லு.”