உள்பக்கத் தகடு

போடியிலிருந்து மலைக்கு ஏறும் ரோட்டில் ஒச்சம்மாவின் டிங்கர் பட்டறை இருக்கிறது. அதை ஒட்டினாற்போல என் சீட் கவர் கடை. நடுவில் சுவர் கிடையாது, ஒரு படுதாதான். அதனால் பட்டறையில் நடக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

ஒச்சம்மாவுக்கு முப்பத்தாறு வயது. எப்பேர்ப்பட்ட நெளிந்த தகடும் அவள் சொன்னால் கேட்கும். மாஷா அல்லா, அப்படி ஒரு கை. பேச்சுதான் ரொம்பக் குறைச்சல். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும்.

அவளிடம் சிஷ்யனாக வந்து சேர்ந்தவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஜக்கையன் என்று பெயர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். பழைய ஜீப், ஆனால் சொந்த ஜீப். குடித்துவிட்டு ஓட்டி, மலை வளைவில் இடது பக்கமாகக் கவிழ்த்துவிட்டார். கூட இருந்தது அவர் மனைவி காமுத்தாய் மட்டும். அந்தம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்லிவிட்டது: "இனி உங்க ஜீப்புல ஏறினா நான் காமுத்தாய் இல்ல."

அன்றோடு குடியை விட்டார் மனுஷன். பதினைந்தாம் நாள் ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துவந்து ஒச்சம்மா முன்னால் நின்றார்.

"தாயி, இதை என் கையாலயே சரி பண்ணணும். நீ சொல்லிக் குடு."

"நான் பண்ணா நாலு நாளுண்ணே. நீங்க பண்ணா நாலு மாசம்."

"ஆகட்டும். இதுல அவ மறுபடி ஏறணும். அம்புட்டுத்தான் எனக்கு."

ஒச்சம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த ஜீப்புக்கு ஒற்றைத் தகடுதான். ரோட்டில் போகிறவன் பார்க்கிறதும் அதுதான், உள்ளே உட்கார்ந்தால் முழங்கை இடிக்கிறதும் அதுதான். இடது பக்கம் முழுக்க உள்வாங்கிக் கிடந்தது. வெளியே ஒரு இரும்புக் கட்டையை அணை கொடுத்து, உள்ளே இருந்து தட்டித் தட்டி வெளியே தள்ள வேண்டும்.

முதல் நாள் ஜக்கையனுக்குக் கை நடுங்கியது. குடியை விட்ட புதுசு இல்லையா? ஓர் அடி தகட்டில், ஓர் அடி விரலில். டமார் என்று கேட்டால் தகடு, ஐயோ என்று கேட்டால் விரல். அல்லா மன்னிக்கட்டும், நான் சிரித்தேன்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தார்.

"என்னண்ணே இவ்வளவு வேகம்?" என்றாள் ஒச்சம்மா.

"கோவம் தாயி."

"தகட்டு மேலயா?"

"என் மேல."

"அப்ப அதை ஏன் அடிக்கிறீங்க?"

அன்றைக்கு அவர் மேற்கொண்டு அடிக்கவில்லை. மறுநாள் வந்து மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார்.

தட்டினது சரியாக வந்ததா என்று பார்க்க, கண்ணை மூடச் சொன்னாள். கைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு பழைய பனியன் துணியை வைத்துத் தடவச் சொன்னாள். நானும் போய்த் தடவிப் பார்த்தேன். அட, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் கைக்குத் தெரிந்தது!

இரண்டாம் மாசம் ஒரு நாள் ஒச்சம்மா தேனிக்குப் போயிருந்தாள். ஜக்கையனுக்குப் பொறுமை போய்விட்டது. மிச்சமிருந்த பள்ளத்தில், பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டியை இரண்டு விரல் கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார். கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. "ஜோர்!" என்று நான்தான் முதலில் கத்தினேன். எனக்கென்ன தெரியும்?

சாயங்காலம் ஒச்சம்மா வந்தாள். பட்டி அப்பின இடத்தில் விரல் முட்டியால் தட்டினாள். தொப் என்றது. அவர் சுத்தியலால் எடுத்த இடத்தில் தட்டினாள். டங் என்றது.

"இதுல எதுண்ணே உங்க வேலை?"

ஜக்கையன் உளியை எடுத்து அப்பினது அத்தனையையும் பெயர்த்துக் கீழே போட்டார். ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை. எனக்கு அந்த மனுஷன் மேல் மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

நாலாம் மாசம் இஞ்சினும் ஓடியது, வெளிப்பக்கமும் முடிந்தது. பட்டி நகக்கனம்கூட இல்லை. தூசி பறக்காமல் இருக்க விடியற்காலையில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரே பெயிண்ட் அடித்தார். கரும்பச்சை. யா அல்லா, என்ன பளபளப்பு! நான் குனிந்து அதில் மீசையைப் பார்த்துக்கொண்டேன். ஒச்சம்மா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்குண்ணே" என்றாள். அவள் வாயால் அது வருவது லேசில்லை.

அப்புறம்தான் தகராறு. ஜக்கையன் உள்பக்கத்துக்கும் பட்டி குழைக்க ஆரம்பித்தார்.

"உள்ள வேணாம்ணே."

"ஏன் தாயி? அவ உக்கார்ற பக்கம். பூராவும் சுத்தியல் தடமா இருக்கு. பாத்தா அன்னிக்கு நடந்ததுதான் ஞாபகம் வரும்."

"வேணாம்."

"காரணம் சொல்லு."

"அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

"வரமாட்டா."

ஒச்சம்மா என்னைப் பார்த்தாள். இந்த மாதிரி வேலைக்கு என்னை விட்டால் யார்? சீட் கவருக்கு நிறம் பார்த்துச் சொல்லணும் என்று சொல்லி அந்தம்மாவை அழைத்துவந்தேன். பொய் இல்லை, பாதி உண்மை.

அந்தம்மா பட்டறை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வந்து ஜீப்பைச் சுற்றியது. இடது பக்கம் குனிந்து, தகட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேடியது.

"எங்க அடிபட்டுச்சுன்னே தெரியலையே."

"தெரியாது," என்றார் ஜக்கையன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"மறைக்கிறதுல நீங்க எப்பவும் கெட்டிக்காரர்தான். அரிசிப் பானைக்குள்ள பாட்டிலை மறைச்சவர்தானே."

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே இறங்கிவிட்டது. நாலு மாச உழைப்பு ஒரே பேச்சில் போச்சு. அந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பியது.

"அக்கா," என்றாள் ஒச்சம்மா. "உள்ள ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுப் போங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் அந்தம்மா தலையை உள்ளே விட்டது. விட்டது, அப்புறம் எடுக்கவில்லை.

உள்ளே பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற சாம்பல் நிறப் பிரைமர் மட்டும் அடித்திருந்தது. அதற்கடியில் சுத்தியல் தடம் அத்தனையும் தெரிந்தது. முன்பக்கத்தில் தாறுமாறாக, ஆழமாக, ஒன்றின் மேல் ஒன்றாக. பின்பக்கம் போகப் போகச் சின்னச் சின்னதாக, வரிசையாக. நான் தையல்காரன், எனக்குப் பார்த்ததும் புரிந்தது. புதிதாக மிஷினில் உட்கார்ந்தவன் போட்ட தையலும், பழகினபிறகு அவனே போட்ட தையலும் ஒரே துணியில் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

அந்தம்மா முன்பக்கத்தில் விரலை வைத்தது. "இது ஏன் இப்படிக் கெடக்கு?"

"அது மொத நாளு. கை நடுங்குச்சு."

விரல் கொஞ்சம் தள்ளிப் போனது. "இது?"

"அது ஒரு மாசம் கழிச்சு. அன்னிக்குக் கூட்டாளிக பிராந்திக் கடைக்குக் கூப்பிட்டாங்க. போகல. இங்க வந்து பொழுது சாயுற வரைக்கும் தட்டுனேன்."

விரல் கடைசி வரிசைக்குப் போனது. "இது?"

"போன மாசக் கடைசி."

அந்தம்மா உள்ளங்கையை விரித்து அந்த வரிசை மேல் வைத்துக்கொண்டது. எடுக்கவே இல்லை.

"நடுக்கம் இல்லையே."

"இல்ல."

ஜீப்பில் அப்போது சீட்டே இல்லை, வெறும் இரும்புச் சட்டம்தான். அந்தம்மா அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் ஓடிப்போய் ஒரு ரெக்சின் துண்டை மடித்துக் கீழே போட்டேன்.

"டீக்கடை வரைக்கும்தான்," என்றது அந்தம்மா. "மலைக்கெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

ஜக்கையன் ஓட்டினார் பாருங்கள் ஒரு ஓட்டு! ஒரு சைக்கிள்காரன் மணி அடித்து முந்திப் போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்தது என்றெல்லாம் கதை சொல்ல மாட்டேன், அழுகைதான்.

திரும்பி வந்ததும் அந்தம்மா இறங்கவில்லை. ஜக்கையன் மட்டும் இறங்கி ஒச்சம்மாவிடம் வந்தார். குழைத்த பட்டி பலகையில் பாதி காய்ந்து கிடந்தது.

"உள்பக்கத்துக்கு என்ன பண்ணட்டும் தாயி?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

ஒச்சம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வெளிய பாக்குறவங்க ரோட்டோட போயிருவாங்கண்ணே. உள்ள பாக்குறவங்க உங்ககூட வர்றவங்க. அவங்களைக் கேளுங்க."