வலிக்காமல் கடித்த உண்ணி

காட்டுக் குட்டையின் ஓரத்தில் ஒரு காட்டெருமையும் அதன் கன்றும் மேய்ந்துகொண்டிருந்தன. கன்றின் காதுக்குள் ஓர் உண்ணி. வந்தபோது கடுகளவுதான் இருந்தது. ஒரே வாரத்தில் ஆமணக்குக் கொட்டை அளவுக்கு ஊதிவிட்டது.

உண்ணிக்கொக்கு ஒன்று பறந்து வந்து அந்தக் காதில் ஒரு கொத்து கொத்தியது.

"ஐயோ அம்மா, வலிக்குது!"

தாய்க்குப் பொறுக்குமா? கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. "என் பிள்ளையைக் குத்துகிறாயா?"

"உண்ணியை எடுக்கிறேன், தாயே!"

காதுக்குள்ளிருந்து உண்ணி குரல் கொடுத்தது. "அக்கா, பிள்ளையையே கேளுங்கள். ஒரு வாரமாக இங்கே இருக்கிறேன். ஒரு நாளாவது வலித்ததா?"

"இல்லையே," என்றது கன்று.

"கேட்டீர்களா! அலகு பட்ட பிறகுதானே இத்தனை அழுகை!"

எருமைக்கு அது நியாயமாகவே பட்டது. மூளையை அசைபோடுவதற்கு மட்டும் வைத்திருந்தால் அப்படித்தான் படும். கொக்கை விரட்டிவிட்டது.

கீழே போன கட்டெறும்புக்கு எரிச்சல் வந்தது. "செத்த உண்ணிகளை அறுத்துத் தின்று வளர்ந்தவள் நான். அதன் எச்சிலில் இருப்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு புரதம் கடித்த இடத்தை மரத்துப்போக வைக்கும். ஒன்று ரத்தத்தை உறைய விடாது. இன்னொன்று காலை முடக்கும், அதுவும் பின்னங்காலை முதலில்! வலிக்காததற்குக் காரணம் கருணை இல்லை. மாட்டிக்கொள்ளக் கூடாதே என்கிற தந்திரம்!"

"புரதமாம்! எனக்கு எறும்பு பாடம் எடுக்கிறது!" எருமை வாலை வீசிவிட்டு நகர்ந்தது.

மூன்றாம் நாள் காலையில் கன்றின் பின்னங்கால்கள் தள்ளாடின. மதியம் குட்டை ஓரத்தில் உட்கார்ந்தது. பிறகு எழவே இல்லை. செந்நாய் வாடை கண்டு மற்ற எருமைகளெல்லாம் மேட்டுக்காட்டுக்குக் கிளம்பிவிட்டன; தாய் மட்டும் கன்றோடு நின்றது.

எருமை கொக்கிடம் ஓடியது. "எப்படியாவது அதை எடுத்துவிடு!"

"இப்போதாவது வந்தாயே. இன்று எடுத்துவிட்டால் விடிவதற்குள் எழுந்து நடப்பான். தலையை அமுக்கிப் பிடி. கத்துவான், விட்டுவிடாதே."

கொக்கு அலகை நுழைத்து இழுத்தது. ரத்தம் கசிந்தது; உண்ணி இன்னும் பிடியை விடவில்லை.

"அம்மா, வலிக்குது! போகச் சொல்லு!"

பிடித்த தலையை எருமை விட்டுவிட்டது. "போதும், போதும்! நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்."

"நாளைக்கா!" என்றது கொக்கு. பறந்துவிட்டது.

விடியற்காலையில் பத்துச் செந்நாய்கள் வந்தன. ஒரு தாய் எத்தனை பக்கம் திரும்பிக் கொம்பு வீசுவாள்? முன்னால் இருந்தவற்றை அவள் துரத்தும்போது பின்னால் இருந்தவை கன்றை இழுத்தன. கன்று முன்னங்கால்களை மட்டும் உதைத்தது. பிறகு அதுவும் நின்றது.

உண்ணி கடித்தது மட்டும் கடைசிவரை கன்றுக்கு வலிக்கவே இல்லை.

வயிறு நிறைந்த உண்ணி கழன்று விழுந்து, முட்டையிட இடம் தேடிப் புல்லுக்குள் நடந்தது.

வலிக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து நல்லவரையும் கெட்டவரையும் பிரிப்பவர்கள், காப்பாற்ற வந்தவரைத் துரத்திவிட்டுக் கொல்ல வந்தவரைக் குடிவைத்துக்கொள்வார்கள்.