ஜொகூர் மாத்திரை

சிங்கப்பூரில் மருந்துக்கடை வைத்திருந்த தனக்கோடிக்கு மருந்தைவிட வாய்க்குத்தான் வீரியம் அதிகம். கடை கூட்டும் பேச்சியம்மாள் தன் பிரஷர் மாத்திரையைப் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூரில் மலிவாக வாங்குகிறாள் என்று தெரிந்ததும், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

“அங்க விக்கிறதெல்லாம் போலி! இல்லேன்னு நிரூபி, இல்லாட்டி வேலையை விட்டுப் போ!”

பேச்சியம்மாள் பையிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து நீட்டினாள். “இதுல போலி எதுன்னு நீங்களே சொல்லுங்க முதலாளி.”

தனக்கோடி இரண்டையும் மோந்து பார்த்து, ஒன்றைக் குப்பையில் வீசினார். “இதான்! சுண்ணாம்பு நாத்தம் அடிக்குதே!”

“ரெண்டுமே போன மாசம் நம்ம கடையில வாங்கினது முதலாளி. அந்த விலையைப் பார்த்துட்டுத்தான் ஜொகூருக்கே போனேன்.”

அதற்கப்புறம் வரிசையில் நின்ற யாரும் மருந்து கேட்கவில்லை. ஜொகூர் பஸ் எங்கே நிற்கும் என்றுதான் பேச்சியம்மாளைக் கேட்டார்கள்.